குக்கீயில் பதியாத பக்கம்

இது மழைக்காலத்தில்தான் நடந்ததா என்று உறுதியாகச் சொல்ல எனக்கு இப்போது வரவில்லை. கதையில் ஒரு குடை வருகிறது; அதை வைத்து மழைக்காலம் என்று நானாக முடிவுகட்டியிருக்கலாம். பல்செட்காரரின் அக்கா பேசிய பேச்சு இதே வரிசையில்தான் வந்ததா என்பதும் சந்தேகம்தான். எனக்கு இதைச் சொன்னவர் அந்தப் பல்செட்காரர்தான். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் தன் குற்றத்தைக் கொஞ்சம் கூட்டியே சொல்வார். எது நடந்தது, எது அவருடைய வெட்கம் பிறகு சேர்த்தது என்று பிரித்தெடுக்க என்னால் முடிந்ததில்லை. எலுமிச்சை வாசனையில் மட்டும் சந்தேகம் இல்லை.

பல்செட்காரர் என்பது தெரு வைத்த பெயர். பல் டாக்டரம்மா நோயாளியின் வாயில் அளவெடுத்து அனுப்புவார். இவர் அதில் பிளாஸ்டரைக் கரைத்து ஊற்றி, அந்த வாயை வெள்ளைக் கல் அச்சாக எடுத்து, அதன்மேல் மெழுகு வைத்து, பல் அடுக்கி, செட்டாகச் செய்து கொடுப்பார். முப்பது வருஷத் தொழில். கடைத்தெருவில் யாராவது சிரித்தால் முகத்துக்கு முன்னால் பல்லைத்தான் பார்ப்பார். 'நம்ம வேலை' என்று மனத்துக்குள் ஒரு சந்தோஷம். வீட்டின் முன்னறையில் மனைவியின் தையல் மெஷின், பின்னறையில் அவருடைய பட்டறை, நடுவில் சமையலறை.

நாலு மாதமாக ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அந்தச் சமையலறை அவர் வசம் இருந்தது. அதற்கு முன்னால் அவர் அங்கே தண்ணீர் குடிக்கத்தான் போவார். இப்போது பட்டறைத் தராசைக் கொண்டுவந்து வைத்து மைதாவை நிறுத்தார். எலுமிச்சம்பழத்தின் மஞ்சள் தோலை மட்டும், கீழே இருக்கும் வெள்ளையைத் தொடாமல், துருவினார். வெள்ளை வந்தால் கசக்கும். துருவலைச் சர்க்கரையில் போட்டு விரல் நுனியால் கசக்கினார். சர்க்கரை ஈரமணல் போல ஆகி, வீடு முழுக்க வாசனை எழுந்தது. வெண்ணெய் உருகக் கூடாது, குழைய வேண்டும். ஒரு முட்டை. மைதாவோடு இரண்டு ஸ்பூன் சோளமாவு; மெத்தென்று வருவதற்கு அதுதான் சூட்சுமம். மாவை அரைமணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து, உருட்டி, தட்டில் இடம்விட்டு அடுக்கினார்.

அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை. ஓவன் கண்ணாடிக்கு எதிரே ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். விளிம்பு மட்டும் கெட்டிப்பட்டு, நடுப்பகுதி இன்னும் வேகவில்லையோ என்று சந்தேகம் வருகிற நேரத்தில் எடுத்துவிட வேண்டும். மிச்சத்தைத் தட்டின் சூடே பார்த்துக்கொள்ளும். ஒரு நிமிஷம் தாமதித்தால் குக்கீ பல்லுக்கு வேலை வைத்துவிடும்.

"ஏங்க," என்றாள் மனைவி, வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டே எட்டிப் பார்த்து. "பொக்கை வாய்க்குப் பண்ற மாதிரி பாத்துப் பாத்துப் பண்றீங்க. அப்புறம் நீங்க செஞ்சு குடுத்த பல்லு எதுக்கு? சிரிக்க மட்டுமா?"

அவர் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உங்க அக்காவுக்குன்னா கை நோகாது. எனக்கு ஒரு நாள் டீ போட்டுக் குடுத்திருக்கீங்களா?"

"போட்டேனே."

"போட்டீங்க. சர்க்கரைக்குப் பதில் பிளாஸ்டரைப் போட்டுருவீங்களோன்னு பயந்துக்கிட்டே குடிச்சேன்." சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

அவளுக்கு விஷயம் தெரியாது. யாருக்கும் தெரியாது. தெரிந்த ஒரே பொருள் பட்டறையில் கீழ் இழுப்பறையில், பழைய துண்டில் சுற்றிக் கிடந்தது.

அவருடைய அக்கா ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். இருபத்தேழு வருஷமாக எந்த வண்டி எந்த மேடைக்கு வரும், எது எத்தனை நிமிஷம் தாமதம் என்று மைக்கில் சொல்லிவந்தாள். தாமதம் என்பதைக்கூட யாருக்கும் கோபம் வராத மாதிரி சொல்வாள் என்று பேர். அவளுக்கு மேல்பல் எல்லாம் போய் இரண்டு வருஷம் முன்னால் இவர்தான் முதல் செட் செய்து கொடுத்தார். அது வாயில் பிறந்த பல் போலவே உட்கார்ந்தது. ஆறு மாதம் முன்பு, கழுவும்போது கைநழுவி வாஷ்பேசினில் விழுந்து அது இரண்டாகப் போயிற்று.

அக்கா லீவு போட்டு வீட்டில் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "திங்கக்கிழமை மைக்குல இருக்கணும்டா. வெள்ளிக்கிழமைக்குள்ள முடியுமா?" என்று போனில் கேட்டாள். அந்தக் குரலில் பாதி காற்றாக வந்தது.

"உனக்கு இல்லாமலா?" என்றார் இவர்.

டாக்டரம்மா புதிதாக அளவெடுத்து அனுப்பினார். ஈறு வருஷத்துக்கு வருஷம் சுருங்கும். பழைய அளவு உதவாது. இதை யாரிடமும் முதலில் சொல்கிறவரே பல்செட்காரர்தான். பிளாஸ்டர் ஊற்றினார். அது முழுசாக இறுகும் முன்னால் அவசரப்பட்டுப் பிரித்தார். வலப்பக்கத்து ஈற்று மேடு மொத்தமாகப் பெயர்ந்து கையோடு வந்துவிட்டது.

முப்பது வருஷத்தில் இப்படி உடைந்ததில்லை. டாக்டரம்மாவுக்கு ஒரு போன் போட்டிருந்தால் மறுநாளே மறு அளவு எடுத்திருப்பார். இரண்டு நாள் தள்ளிப்போயிருக்கும், அவ்வளவுதான். ஆனால் போட வேண்டிய போன், 'என் சொந்த அக்காவோட அச்சை நானே உடைச்சுட்டேன்' என்று சொல்கிற போன். கையில் எடுத்த போனைக் கீழே வைத்தார். அலமாரியில் இரண்டு வருஷம் முந்திய அச்சு இருந்தது. அக்கா வாய் எனக்குத் தெரியாதா என்று நினைத்துக்கொண்டார். அந்த நினைப்பில் பாசம் இருந்தது என்று பிற்பாடு தன்னைத் தேற்றிக்கொள்ளப் பார்த்திருக்கிறார். இல்லை, அது முழுக்கக் கர்வம்.

பழைய வாய்க்குச் செய்த செட் புது வாயில் போய் உட்கார்ந்தது. இடப்பக்கம் ஒட்டியது, வலப்பக்கம் தூக்கியது. டாக்டரம்மா இரண்டு மூன்று முறை அங்கங்கே தேய்த்துவிட்டு, "கொஞ்ச நாள் போட்டுப் பழகட்டும்" என்றார். மைக்கில் அக்கா 'மூன்றாவது மேடை' என்று சொன்னால் நடுவில் 'டக்' என்று ஒரு சத்தம் நிலையம் முழுக்கக் கேட்டது. பெட்டி தூக்குகிறவர்கள் முதலில் சிரித்தார்கள். அப்புறம் 'டக்டக் மேடம்' என்றார்கள். இரண்டு மாதத்தில் நிலைய அதிகாரி, 'கொஞ்ச நாளைக்கு' என்று சொல்லி, பயணிகள் தவறவிட்ட பொருள்களை வைக்கிற அறைக்கு அவளை மாற்றினார்.

அன்றைக்கு அக்கா தம்பியிடம் சொன்னது இதுதான்: "உன் வேலையில குத்தம் சொன்னா என் வாய் வெந்துரும். என் ஈறுதான் சரியில்லடா. வயசாச்சுல்ல."

அதைக் கேட்ட அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் அவர் முதன்முதலாக எலுமிச்சை வாங்கிக்கொண்டு வந்தார். நிலையத்துக்கு எதிரே இருக்கும் பேக்கரியின் எலுமிச்சை பிஸ்கட் என்றால் அக்காவுக்கு உயிர். அது இப்போது அவளால் கடிக்க முடியாத கல். கடிக்காமலேயே கரைகிற மாதிரி அதைச் செய்துவிட்டால்? வாயைச் சரிசெய்யப் போகாமல், வாய்க்கு ஏற்றபடி தின்பண்டத்தைச் சரிசெய்ய இறங்கினார்.

மனைவி கேலி செய்துவிட்டுப் போன அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, தட்டு ஆறிக்கொண்டிருக்கும்போது முன்னறையில் ஒரு வாடிக்கையாளர் பழைய சட்டையை நீட்டிக்கொண்டிருந்தார்.

"இதே அளவுக்குத் தைச்சுடுங்களேன்மா. இது நல்லா பொருந்துச்சு."

"எப்போ பொருந்துச்சு?"

"ரெண்டு வருஷம் இருக்கும்."

"ரெண்டு வருஷமா உடம்பு அப்படியே நிக்குமா? சட்டை அப்படியே இருக்கும், நீங்க இருப்பீங்களா? நில்லுங்க, டேப்பு புடிக்கிறேன். பழைய அளவுல தைக்கிறது தையல் இல்ல, சோம்பேறித்தனம்."

சமையலறையில் பல்செட்காரருக்குக் காது சுட்டது. ஓவனைத் திறந்த சூடுதான் என்று அவர் நினைத்துக்கொள்ளலாம். ஓவனை அணைத்துக் கால்மணி ஆகியிருந்தது.

குக்கீகளை டப்பாவில் அடுக்கி, குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். அக்கா வீடு இரண்டு தெரு தள்ளி, மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. ஒவ்வொரு மாடியிலும் நின்று, இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். மூன்றாவது மாடி வந்ததும் மூச்சு வாங்கியது. மூச்சு வாங்கும்போது எப்படிச் சொல்வது என்று அதை ஒத்திவைத்தார். இது எல்லா ஞாயிற்றுக்கிழமையும் நடப்பது.

"வாடா, வாசனை ரெண்டாவது மாடியிலேயே வந்துருச்சு," என்று கதவைத் திறந்தாள் அக்கா. மாமா போய் ஒன்பது வருஷம். தனியாக இருக்கிற வீட்டில் இருக்கிற ஒழுங்கு: ஒரு நாற்காலி மட்டும் தேய்ந்திருந்தது.

டப்பாவைத் திறந்து ஒன்றை எடுத்தாள். கடிக்கவில்லை. விரலால் பொட்டுப் பொட்டாகப் பிய்த்து நாக்கில் வைத்தாள். ரசித்துச் சாப்பிடுகிறாள் என்று அவர் எடுத்துக்கொண்டார். ஊரிலிருக்கிற வாயை எல்லாம் உற்றுப் பார்க்கிறவர், ஆறு மாதமாக அக்கா வாயைப் பார்ப்பதைத் தவிர்த்துவந்தார். அவளோடு பேசும்போது ஜன்னலோடு பேசினார்.

"எப்படி இருக்கு?"

"மெத்துனு இருக்கு." அவள் கண்ணில் தண்ணீர் நின்றது.

"என்னக்கா?"

"புளிப்புடா. நல்ல புளிப்பு." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "எங்க ரூம் கதை கேளு. நேத்து ஒருத்தர் வந்து, 'என் செருப்பு ஒண்ணு தொலைஞ்சு போச்சு, வலது கால்'ங்கிறார். எடுத்துக் காட்டினேன். 'இது இல்லம்மா, என்னோடது இதைவிடப் புதுசு'ங்கிறார். வேற எதையாவது எடுத்துட்டுப் போங்கன்னு சொல்லலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு."

அவரும் சிரித்தார். பிறகு இருவரும் பேசாமல் இருந்தார்கள். அவர்கள் வீட்டில் சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். பேச்சைவிடப் பேசாமலிருப்பது அதிகம். முன்பெல்லாம் அந்த மௌனத்தில் அவருக்குக் கால் நீட்டி உட்காரத் தோன்றும். இப்போது அது இறுகக் காத்திருக்கும் பிளாஸ்டர் மாதிரி இருந்தது.

"நாளைக்கு ஒரு கடுதாசி குடுக்கணும்," என்றாள் அக்கா. "மைக் வேலைக்கு என் குரல் இனிமே ஒத்துவராது, வேற ஆளைப் போட்டுக்கலாம்னு நானே எழுதிக் கையெழுத்துப் போடணுமாம். அப்பதான் அந்தப் பொண்ணை நிரந்தரமா போட முடியும்னு அதிகாரி சொல்றார். ஒரு தடவை குடுத்தா திரும்ப வாங்க முடியாது. காலைத் தபால் பையில போயிடும்."

"குடுக்கணுமா?"

"வேற என்ன பண்ண? ஆறு மாசம் பாத்தாச்சு. வாய் திரும்பல. பாவம், அந்தப் பொண்ணு எத்தனை நாளைக்குத் தற்காலிகமாவே இருக்கும்?"

இப்போது சொல்ல வேண்டும். "மழை வரும்போல இருக்கு, நான் கிளம்பறேன்," என்றார். அதுதான் வெளியே வந்தது.

கீழே தெருவுக்கு வந்து பத்து அடி நடந்ததும் தூறல் விழுந்தது. குடை மேலே. திரும்பினார். மூன்று மாடி ஏறினார். கதவு சாத்தியிருந்தது, தாழிடவில்லை. உள்ளே குழாய்ச் சத்தம் கேட்டது. யாரோ வாய் கொப்பளிக்கும் சத்தம். அவர் குரல் கொடுக்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்று உள்ளே நுழைந்தார்.

மேஜைமேல் உப்பு டப்பா திறந்திருந்தது. ஒரு டம்ளரில் தண்ணீருக்குள் அவர் செய்த செட் சிரித்துக்கொண்டு கிடந்தது. பக்கத்தில் ஒரு குக்கீ. அவர் போன பிறகு அக்கா அதைக் கடித்துப் பார்த்திருக்கிறாள். கடிக்கப் போய், முடியாமல், நிறுத்தியிருக்கிறாள்.

அவர் அதைக் கையில் எடுத்தார். வேறு யாராக இருந்தாலும் அதில் ஒரு கடியைத்தான் பார்த்திருப்பார்கள். அவர் கண் வேறு. மெத்தென்ற மாவு, மெழுகைப் போல, பதிந்ததை அப்படியே வைத்திருந்தது. அடிப்பக்கத்தில் கீழ்ப்பல், அவளுடைய சொந்தப் பல், இரண்டு பக்கமும் ஒழுங்காகப் பதிந்திருந்தது. மேல்பக்கத்தில் இடது ஓரம் நாலு பல் ஆழமாக இறங்கியிருந்தது. வலது ஓரத்தில் ஒன்றுமே இல்லை. வழவழவென்று, ஓவனிலிருந்து எடுத்த மாதிரியே. கடித்தபோது செட் வலப்பக்கம் தூக்கி, இடப்பக்கத்து ஈற்றில் போய்க் குத்தியிருக்கிறது. அந்த இடத்தில், மாவின் மேல், மிளகளவு சிவப்பு.

புண். ஈற்றில் புண் இருக்கிறது. அந்தப் புண்ணின் மேல் அவர் நாலு மாதமாக, வாராவாரம், தராசில் நிறுத்து, எலுமிச்சையைத் தடவிக்கொண்டிருந்தார்.

அக்கா குளியலறையிலிருந்து வந்தாள். அவரைப் பார்த்ததும் சட்டென்று கையால் வாயை மூடிக்கொண்டாள். பல் இல்லாத முகத்தைத் தம்பி பார்த்துவிட்டானே என்று அவளுக்கு வெட்கம். அவருக்கு எந்த வெட்கம் என்று அவள் அறியவில்லை. குழாயை முழுசாக மூடாததால் சொட்டு விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"குடை," என்றார் அவர்.

அவள் கையை எடுக்காமலே தலையசைத்தாள். அவர் குடையோடு அந்தக் குக்கீயையும் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு இறங்கினார். அவள் பார்த்தாளா என்று திரும்பிப் பார்க்கத் துணியவில்லை. குடை கையில் இருந்தும் விரிக்காமல் வீடு வந்து சேர்ந்தார்.

மாலையில் பட்டறை விளக்கைப் போட்டு, கீழ் இழுப்பறையைத் திறந்து, துண்டைப் பிரித்தார். உடைந்த அச்சு. பக்கத்தில் பழைய அச்சு. குக்கீயில் பதிந்த குழிகளில் பிளாஸ்டரை மெல்ல ஊற்றி, இந்தத் தடவை முழுசாக இறுகும் வரை காத்திருந்தார். பிரித்ததும் நாலு பல் வந்தது. அதற்கப்பால் சமதளம்.

"என்னங்க, குக்கீக்குப் பல்செட் செய்றீங்களா?" மனைவி கையில் டீயோடு வாசலில் நின்றாள். சிரிக்கத் தொடங்கியவள் மேஜையைப் பார்த்தாள். உடைந்த அச்சில் அக்கா பேரை அவரே பென்சிலால் எழுதியிருந்தார், ஆறு மாதம் முந்திய தேதியோடு. அவளும் அளவுத் தொழில்காரிதான். எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

டீயை மேஜையில் வைத்தாள்.

"அண்ணிகிட்ட சொன்னீங்களா?"

அவர் பிளாஸ்டர்த் தூளை விரலால் ஒரு கோடாகக் கூட்டினார்.

"அந்தம்மா என்கிட்ட சொல்லி அழுதாங்க, தெரியுமா? 'தம்பி அவ்வளவு நல்லா செஞ்சு குடுத்தும் என் வாய் ஏத்துக்கல'ன்னு. நான் வேற, 'வயசானா அப்படித்தான் அண்ணி'ன்னு சமாதானம் சொல்லிட்டு வந்தேன். என்னையும் பொய்க்காரி ஆக்கிட்டீங்க." போகும்போது சொன்னாள்: "அடுத்த ஞாயித்துக்கிழமை வரைக்கும் வெச்சுக்காதீங்க."

மறுநாள் காலையில் அவர் நேராக ரயில் நிலையத்துக்குத்தான் போயிருக்க வேண்டும். முதலில் டாக்டரம்மாவிடம் போனார். அவரிடம் சொல்வது சுலபம் என்று பட்டது. டாக்டரம்மா நோயாளிகளை முடித்து வருவதற்குள் ஒன்றரை மணி நேரம் போயிற்று. கேட்டுவிட்டு அவர் கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க சொல்லியிருந்தா நான் ஆறு மாசம் அந்த அம்மாவைப் 'பழகிக்கோங்க, பழகிக்கோங்க'ன்னு அனுப்பியிருக்க மாட்டேனே," என்றார். "புது அளவு எடுக்கறேன். இன்னைக்கே வரச் சொல்லுங்க."

நிலையத்துக்குள் நுழையும்போது மணி பதினொன்று. மைக்கில் இளம் குரல் ஒன்று இரண்டாவது மேடைக்கு வண்டி வருவதாகச் சொன்னது. தெளிவான குரல். தாமதம் என்பதை மட்டும் சண்டைக்குக் கூப்பிடுவது போலச் சொன்னது.

தவறவிட்ட பொருள்களின் அறை கடைசி மேடைக்குப் பின்னால். அக்கா கவுன்ட்டருக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்திருந்தாள். பின்னால் அலமாரிகளில் குடைகள், ஒற்றைச் செருப்புகள், சாப்பாட்டு டப்பாக்கள், ஒரு குழந்தை வண்டி. ஒவ்வொன்றிலும் நூலில் கட்டிய சீட்டு.

"என்னடா, வேலை நாள்ல?" என்றாள். குரல் சாதாரணமாக இருந்தது. முந்தின நாளைப் பேச வேண்டாம் என்பது அதில் இருந்தது. "வந்ததுதான் வந்தே, உனக்கு ஒண்ணு காட்டறேன். சிரிப்பு வரும் பாரு." மேஜைக்கடியிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை எடுத்துத் திறந்தாள். உள்ளே நாலு பல்செட்டுகள், நாலிலும் சீட்டு. "வண்டியில விட்டுட்டுப் போனதுங்க. ஒருத்தரும் தேடி வரல. போன வாரம் யாரும் இல்லாதப்போ ஒண்ணைப் போட்டுப் பாக்கலாமான்னுகூடத் தோணுச்சு. ச்சீ, வெக்கங்கெட்டவளேன்னு மூடி வெச்சுட்டேன்."

அவர் பெட்டிக்குள் பார்த்தார். சரியாகப் பொருந்தின செட்டை யாரும் வண்டியில் மறந்துவிட்டுப் போவதில்லை. வலி தாங்காமல் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றி, பக்கத்தில் வைத்து, அப்படியே இறங்கியிருப்பார்கள். நாலில் ஒன்றின் பல் வரிசை அவருக்குத் தெரிந்த வரிசை. அது தன் கை வேலை என்று அவர் சொல்லவில்லை. அன்றைக்கு அவர் சொல்ல வந்தது ஒன்றுதான். அதையே எடுத்து வைத்தார்.

உடைந்த அச்சைக் கவுன்ட்டரில் வைத்தார். பக்கத்தில் குக்கீயிலிருந்து எடுத்த சின்ன வார்ப்பு.

"இது என்னடா, எங்க கண்டெடுத்தே?" என்று பழக்கத்தில் சீட்டும் நூலும் எடுத்தாள்.

"என் பட்டறையில. உன் வாய்க்கா இது. ஆறு மாசம் முன்னாடி எடுத்தது. நான் உடைச்சுட்டேன். டாக்டரம்மாகிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு. பழைய அச்சை வெச்சு செஞ்சுட்டேன். உன் வாய்ல ஒரு தப்பும் இல்ல. தப்பு என் வேலைல."

இவ்வளவையும் அவர் ஒரே மூச்சில் சொன்னார். இத்தனை சின்னதா இது என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. ஆறு மாதமாகச் சுமந்தது அரை நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

அக்கா சீட்டைக் கீழே வைத்தாள். அச்சைக் கையில் எடுத்து, உடைந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். வெளியே ஒரு வண்டி வந்து, நின்று, போயிற்று.

"தெரிஞ்சே ஆறு மாசமா?" என்றாள் கடைசியில்.

"தெரிஞ்சே."

"வலிக்குதுன்னு தெரியுமா?"

"புண்ணுன்னு நேத்துதான் தெரியும். பொருந்தாதுன்னு முதல் நாளே தெரியும்."

"குக்கீ எல்லாம்?"

அவர் குக்கீயிலிருந்து எடுத்த வார்ப்பைப் பார்த்தார்.

"நான் என்ன நெனச்சேன் தெரியுமா? தம்பி இவ்வளவு பாசமா செஞ்சுட்டு வர்றான், எரியுதுன்னு சொன்னா மனசு ஒடிஞ்சுருவான்னு. அதனால நீ இருக்கிற வரைக்கும் பிச்சுப் பிச்சு முழுங்குவேன். நீ போனதும் உப்புத் தண்ணி. நேத்துதான், நல்லா கடிச்சே தின்னுட்டேன்னு உன்கிட்ட ஒரு தடவையாவது உண்மையா சொல்லணும்னு கடிச்சுப் பாத்தேன்." சற்று நிறுத்தினாள். "கண்ணாடி முன்னாடி நின்னு என் வாயை நானே திட்டியிருக்கேன்டா. அசிங்க அசிங்கமா."

"கடுதாசி..." என்றார்.

"ஒம்பது மணிக்குக் குடுத்துட்டேன். பையில போயிடுச்சு."

ஒன்பது மணிக்கு அவர் டாக்டரம்மா வாசலில் காத்துக்கொண்டிருந்தார். அவர் தலை தானாகக் குனிந்தது.

அக்கா திரும்பி நிற்கவில்லை, வாயைப் பொத்தவில்லை. கவுன்ட்டருக்கு வெளியே குடையைத் தேடி ஒருவர் வந்து நின்றிருந்தார். அந்த ஆள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே செட்டைக் கழற்றி, தம்பிக்கு முன்னால், உடைந்த அச்சுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"எடுத்துட்டுப் போ," என்றாள். குரலில் பாதி காற்றாக வந்தது. அவள் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. "டாக்டரம்மாகிட்ட நான் போய்க்கறேன். புதுசை வேற யாராவது செய்யட்டும்."

"அக்கா, நான்..."

"கோவத்துல சொல்லலடா. நீ செஞ்சா, வலிச்சாலும் நான் சொல்ல மாட்டேன். எனக்கு என்னைத் தெரியும். அதனால நீ வேணாம்." பிறகு குடைக்காரரிடம் திரும்பி, பல் இல்லாத வாயைத் திறந்து, "உங்களுது என்ன கலர் சார்?" என்று கேட்டாள்.

அவர் செட்டையும் அச்சையும் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு, மேடையின் முழு நீளமும் நடந்து வெளியே வந்தார்.

புது செட்டை வேறு ஊர்ப் பட்டறையில் செய்தார்கள். அது பொருந்தியது. இடப்பக்கத்துப் புண் மூன்று வாரத்தில் ஆறியது. அக்கா மைக்குக்குத் திரும்பவில்லை. கடுதாசி போன இடத்திலிருந்து வரவில்லை. ஓய்வு பெறும் வரை இருந்த பதினோரு மாதமும் தவறவிட்ட பொருள்களின் அறையில் இருந்தாள். இப்போது வீட்டில் இருக்கிறாள். தம்பி வந்தால் கதவைத் திறக்கிறாள், டீ தருகிறாள், பேசாமலிருக்கிறாள். அவர் ஜன்னலைப் பார்க்காமல் அவளைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். மைக்கில் இருந்த பெண் நிரந்தரமானாள். தாமதம் என்பதை இன்னும் அதே கோபத்தோடுதான் சொல்கிறாள். டாக்டரம்மா தொடர்ந்து பல்செட்காரருக்கு வேலை அனுப்புகிறார். அவர் பழைய அச்சு எதையும் அலமாரியில் வைத்திருப்பதில்லை. செட் போனதும் உடைத்துப் போட்டுவிடுகிறார். குக்கீ சுடுவதை அந்த ஞாயிற்றுக்கிழமையோடு விட்டுவிட்டார். தட்டு முன்னறைக்குப் போய்விட்டது. மனைவி அதில் பொத்தான் போட்டு வைத்திருக்கிறாள்.